சிரிப்பது யார்? சிரிக்கப்படுவது யார்?



'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, எந்தக் கல்லூரி ஆண்டு மலரைப் புரட்டினாலும் நாலு பக்கத்துக்கு ஒரு 'சிரிக்க மட்டும்' இருக்கும். நம் மலரிலும் இருக்கும். ஆனால் நான் எழுத வந்தது ஜோக் இல்லை, ஜோக்கைப் பற்றி. 'சிரிப்பைப் பற்றி இவ்ளோ சீரியஸா எழுதுறானே, இவனுக்கு என்னாச்சு?' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில். கடல் இந்தப் பக்கம், மயிலாப்பூர் அந்தப் பக்கம். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறவர்; 2024-ல் அங்கே புதிதாக மீன் அங்காடி கட்டித் திறந்தார்களே, அதில் கடை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் இதற்கு ஒரு வேலை இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

மாடிப்படிதான் எங்கள் தியேட்டர்!

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போச்சு. புழுக்கம் தாங்காமல் நாங்கள் அஞ்சாறு பேர் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தோம். ஒருத்தன் போனில் சார்ஜ் இருந்தது, நெட் இருந்தது. 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' போட்டான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அலெக்சாண்டர் பாபு என்பவர் மேடையில் பார்வையாளர்கள் முன்னால் நடத்திய நிகழ்ச்சியை அப்படியே படம் பிடித்து, 2019-ல் அமேசான் பிரைமில் வெளியிட்டார்கள். ஸ்டாண்ட்-அப் காமெடி என்கிறார்கள். கதாநாயகி இல்லை, சண்டை இல்லை, கலர் கலராய் லொகேஷன் இல்லை. ஒரே ஆள். பேசுகிறார், பாடுகிறார், நடுவில் சிரிக்க வைக்கிறார். தமிழ் சினிமாப் பாட்டுதான் விஷயம். டி.எம்.எஸ். எப்படிப் பாடுவார், ஜேசுதாஸ் எப்படிப் பாடுவார், எஸ்.பி.பி. எப்படிப் பாடுவார் என்று அந்தந்தக் குரலுக்குள் புகுந்து புறப்பட்டு வருகிறார். இவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு மேடைக்கு வந்தவர்.

முதல் கால் மணி நேரம் எங்களுக்கு ஒன்றும் பெரிசாகப் பிடிபடவில்லை. அப்புறம் டி.எம்.எஸ். குரல் வந்ததும் உள்ளே இருந்து அம்மாவே எழுந்து வந்துவிட்டார்கள். அம்மா வந்தால் பக்கத்து வீட்டு அத்தை வருவார்கள். அத்தை வந்தால் அவர்கள் பேரப்பிள்ளைகள் வரும். ஒரு கையகலப் போன், சுற்றிப் பதினைந்து தலை. படியே அதிர்கிற மாதிரி சிரிப்பு.

முடியும்போது அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள்.

"இன்னாடா, இந்த ஆளு இன்ஜினீருன்ற... வேலைய ஏன்டா வுட்டாரு?"

"பாட்டும் காமெடியும் புடிச்சிருந்துச்சு, அதான் வுட்டுட்டாரும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லாத்தான் பண்றாரு. ஆனா நீ அந்த மாரி எதுனா பண்ணிக்கினு வந்து நிக்காத" என்றார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மா சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணம், போன வருஷம் நடந்த ஒரு விஷயம்.

நானும் சிரித்தேன்

போன வருஷம் ஒரு கலை விழா. எந்த இடம், எந்த மேடை என்று கேட்காதீர்கள். நண்பன் ஒருத்தன் மிமிக்ரி செய்தான். நடிகர்கள் குரலெல்லாம் முடிந்த பிறகு, "இப்போது குப்பத்து மீன்காரம்மா!" என்று அறிவித்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏய் கஸ்மாலம்!" என்று ஆரம்பித்தான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. விசில் பறந்தது.

நண்பர்களே, நானும் சிரித்தேன். பக்கத்தில் இருப்பவன் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். என் அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று அதுவரை வகுப்பில் நான் யாரிடமும் சொன்னதில்லை. 'பிசினஸ்' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, அம்மா மீனை முள் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் வலித்தது.

சரி, அப்படியானால் ஜோக்கே அடிக்கக் கூடாதா? மிமிக்ரியே கூடாதா? அலெக்ஸ் செய்ததும் மிமிக்ரிதானே? டி.எம்.எஸ்.ஸைப் போல அவர் பாடிக் காட்டியபோது எனக்கு ஏன் வலிக்கவில்லை? அம்மாவே ஏன் கை தட்டினார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்த நிகழ்ச்சியை இன்னொரு தடவை, தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

பதில் கிடைத்தது. அவருக்கு டி.எம்.எஸ்.ஸைத் தெரியும். எந்த எழுத்தில் குரல் கனக்கும், எங்கே மூச்சு வாங்குவார், எங்கே அழுத்துவார் என்று வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, காதலித்துப் பிடித்து வைத்திருக்கிறார். அவர் பாடிக் காட்டி முடித்ததும் டி.எம்.எஸ். சின்னவராகிப் போகவில்லை. நமக்கு இன்னும் பெரியவராகத் தெரிகிறார்.

நம் நண்பனுக்கு மீன்காரம்மாவைத் தெரியாது. அவன் ஒரு மீன்காரம்மாவிடமும் நின்று பேசியதில்லை. சினிமாவில் வந்த மீன்காரியைப் பார்த்து அவன் மிமிக்ரி செய்தான். அந்த சினிமாக்காரர் அதற்கு முந்தின சினிமாவைப் பார்த்துச் செய்திருப்பார். நகலுக்கு நகல், அதற்கும் ஒரு நகல்! வொர்க்‌ஷாப்பில் அளவு எடுக்காமல், பக்கத்துப் பையன் செய்த ஜாப்பைப் பார்த்து ஃபைல் போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். என் அம்மா கத்தவே மாட்டார்கள் நண்பர்களே. பழைய வாடிக்கைக்காரர்களிடம் மெதுவாகத்தான் பேசுவார்கள். கத்தினால் வாடிக்கை போய்விடும் என்பது அம்மாவின் தொழில் ரகசியம்!

எங்க பாஷை, யார் வாயில்?

சென்னைத் தமிழை வைத்துச் சிரிக்க வைப்பது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் ஜே.பி. சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து அந்த பாஷையை வெளுத்து வாங்கினார். 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் 'ஜாம்பஜார் ஜக்கு'வாக சோ பேசினார். அப்புறம் லூஸ் மோகன், தேங்காய் சீனிவாசன், ஜனகராஜ் என்று வரிசையாகப் பலர். எல்லோரும் பெரிய கலைஞர்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்து, மதராஸின் பாஷையைத் தன் நாக்கில் வாங்கிக்கொண்ட மனிதர். 1974-ல் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் எங்கள் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், 'எங்க பாஷையைப் பேசின மனுஷன் எங்க பக்கத்துலயே படுத்துட்டாரு' என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சினிமாவில் இந்தப் பாஷை பெரும்பாலும் யார் வாயில் வரும்? ரிக்‌ஷாக்காரர், ரவுடி, குடிகாரர், திருடர், சண்டை போடும் பெண்பிள்ளை. டாக்டர் வாயில் வராது. இன்ஜினீயர் வாயில் வராது. பாலிடெக்னிக் மாணவன் வாயில்கூட வராது! பார்த்துப் பார்த்து நமக்கும் என்ன தோன்றிவிட்டது? இப்படிப் பேசுகிறவன் படித்தவனாக இருக்க முடியாது என்று. முதல் வருஷம் நான் செமினார் எடுத்தபோது, வாய் தவறி "பிஸ்டன் கீய வந்துகினு இருக்கும்போது" என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிஷம் வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை. பிஸ்டன் எப்படிச் சொன்னாலும் கீழேதான் வரும் நண்பர்களே! அதற்கு இலக்கணம் தெரியாது.

'கஸ்மாலம்' என்று என்னைக் கேலி செய்தவனுக்கு ஒரு தகவல். அது சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். 'பேஜார்', 'நாஸ்டா' உருதுக்காரர்கள் வழியாக வந்தவை. 'நைனா' தெலுங்கிலிருந்து வந்தது. துறைமுகத்துக்கு யார் யார் வந்தார்களோ அவர்கள் எல்லோருடைய வார்த்தையையும் வாங்கி வைத்துக்கொண்ட பாஷை எங்களுடையது. இதில் கேவலப்பட என்ன இருக்கிறது?

கிந்தன் ஏறிய ரயில்

சிரிப்பை மேலே இருந்து கீழே எறியத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. கீழே இருந்து மேலேயும் எறியலாம். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆசான் இருந்தார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

நாகர்கோவிலில் 1908-ல் பிறந்தவர். வறுமையால் படிப்பைத் தொடர முடியாமல், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன். அவர் செய்த 'கிந்தனார்' காலட்சேபத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நந்தனார் சரித்திரத்தை பாகவதர்கள் கதாகாலட்சேபமாகச் சொல்வார்கள். அதே மேடை, அதே கோலம், அதே ராகம். கதையை மட்டும் மாற்றினார் கலைவாணர். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் படிக்க ஏங்குகிறான்! ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அந்தப் பையன் ரயிலேறிப் பட்டணம் வந்து படித்து ஆளாகிறான். மேடை மேடையாக நடந்த இந்தக் காலட்சேபம் 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. அந்தப் படத்துக்குக் கதை வசனம் அறிஞர் அண்ணா. இன்றைக்கு அலெக்ஸ் நிகழ்ச்சியைப் படம் பிடித்து வைத்திருக்கிற மாதிரி, அன்றைக்கு கலைவாணரின் மேடையைப் பிடித்து வைத்தது அந்தப் படம்தான். அதனால்தான் எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து நான் அதைப் போனில் பார்க்க முடிகிறது.

அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்கக் கிளம்பிய ஒரு பையனைப் பற்றிய காமெடி. அதில் கிந்தனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கிந்தன் படிக்கக் கூடாது என்று நினைத்தவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு. தி. நகர் போனால் ஜி.என். செட்டி ரோட்டில் கலைவாணர் சிலையைப் பாருங்கள். 1969-ல் அண்ணா திறந்து வைத்தது. துணி எடுக்கப் போகிற அவசரத்தில் நாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வெளிநாட்டிலும் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் பிரையர் என்ற கறுப்பினக் கலைஞர். பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்த பிள்ளை. 1978 டிசம்பரில் கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊரில் அவர் நடத்திய மேடை நிகழ்ச்சியைப் படம் பிடித்து 1979-ல் தியேட்டர்களிலேயே ஓட்டினார்கள். இன்று பிரைமிலும் நெட்ஃபிளிக்ஸிலும் நாம் பார்க்கிற இந்த வகைக்கு முன்னோடிகளில் அது ஒன்று. அதில் தனக்கு வந்த மாரடைப்பையே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார் அந்த மனிதர். தன் வலியை அவர் தன் வாயாலேயே சொன்னார். அதனால் அவரைப் பார்த்து யாரும் ஏளனமாகச் சிரிக்க முடியவில்லை. அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

'பார்த்துச் சிரிப்பது' வேறு, 'சேர்ந்து சிரிப்பது' வேறு. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

அரங்கமும் படிக்கட்டும்

இதற்காக அலெக்ஸ் நிகழ்ச்சியை நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிட மாட்டேன். சில இடங்கள் எங்களுக்குப் புரியவில்லை. ராகம், சபா என்று அவர் பேசும்போது திரையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். படிக்கட்டில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. ஒரு காமெடியன் தன் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் பேச முடியும். எதிரே யார் உட்கார முடியும் என்பதை டிக்கெட் விலை முடிவு செய்கிறது.

சென்னையில் இந்த ஸ்டாண்ட்-அப் கலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தது. கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003-ல் தொடங்கிய 'ஈவம்' நாடகக் குழு இதற்கு ஒரு முக்கியமான நாற்றங்கால். அரவிந்த் எஸ்.ஏ.வின் 'மதராஸி டா' 2017-ல் ஆங்கிலத்தில் வந்தது. தலைப்பில் மட்டும் 'டா' தமிழ்! பிறகுதான் அலெக்ஸ், பிரவீண் குமார் போன்றவர்கள் தமிழிலேயே மணிக்கணக்கில் மேடையைப் பிடிக்க முடியும் என்று காட்டினார்கள். 2020-ல் 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' என்று தமிழில் ஒரு போட்டியே பிரைமில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தாயிற்று. சபாத் தமிழிலிருந்து படிக்கட்டுத் தமிழுக்கு எப்போது வரும்?

மார்கழி மாதம் மயிலாப்பூர் முழுக்கக் கச்சேரி. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் எத்தனையோ சபாக்கள். இந்தப் பதினெட்டு வயசில் நான் ஒன்றுக்குள்ளும் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் போகலாம் என்று தோன்றியதும் இல்லை. அடையாற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களும் இன்னும் பலரும் சேர்ந்து ஒரு விழா ஆரம்பித்தார்கள். கர்நாடக சங்கீதமும் வந்தது, எங்கள் ஜனங்களின் கலையும் வந்தது. ஒரே மேடை, ஒரே மணல். 2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவைப் பெரிய மேடையில் ஏற்றியது. பாட்டில் நடந்துவிட்டது. காமெடியில் நடக்க வேண்டாமா?

படம் பிடித்த நிகழ்ச்சியின் பெரிய உபகாரம், டிக்கெட் வாங்க முடியாத நம்மையும் அரங்கத்துக்குள் கூட்டிப் போய்விடுகிறது. அதற்கு நன்றி. ஆனால் ஒரு குறை. நாங்கள் சிரித்தது அவருக்குக் கேட்காது. எந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தோம் என்பதும் அவருக்குத் தெரியாது. நம் சிரிப்பு கேட்க வேண்டுமானால் ஒரே வழிதான். மேடையில் நிற்பதும் நம்ம ஆளாக இருக்க வேண்டும்.

வேலையை விடலாமா?

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 'வேலைய ஏன்டா வுட்டாரு?'

நண்பர்களே, நேர்மையாகப் பேசுவோம். அலெக்ஸ் வேலையை விட்டது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுவதற்கு அவரிடம் ஒரு வேலை இருந்தது. நம்மில் பலருக்கு டிப்ளமோதான் வீட்டின் முதல் சான்றிதழ். அப்பா கடலுக்குப் போகாத மழை நாளில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் நம் சம்பளம் வர வேண்டும். 'உன் கனவைத் துரத்து' என்று மேடையில் சொல்கிறவர்கள் நம் வீட்டு அரிசி டப்பாவைத் திறந்து பார்த்ததில்லை. படிப்பை விட்டுவிட்டு ரீல்ஸ் போடக் கிளம்பிய இரண்டு பேரை எனக்கே தெரியும். அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த வழியைக் கை காட்டவும் மாட்டேன்.

அப்படியானால் நமக்கு மேடை கிடையாதா? உண்டு! நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்காரர் ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறேன். கிரேஸி மோகன். கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். 1972-ல் கல்லூரிப் போட்டிக்காகத்தான் 'கிரேட் பேங்க் ராபரி' என்ற முதல் நாடகத்தை எழுதினார். படிப்பை முடித்துக் கம்பெனியில் இன்ஜினீயராக வேலையும் பார்த்தார், நாடகமும் எழுதினார். 1976-ல் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம் அவர் பெயருக்கு முன்னால் 'கிரேஸி'யை ஒட்டிவிட்டது. 2019-ல் அவர் மறையும் வரை தமிழ்நாடே சிரித்துக்கொண்டிருந்தது. ஆரம்பம் எது? கல்லூரி மேடை! நம்மிடம் இருப்பதும் அதேதானே?

திருச்சியில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே கல்லூரி மேடைகளில் மிமிக்ரி செய்து, டி.வி. போட்டிக்குப் போய், இன்று கதாநாயகனாக நிற்கிற சிவகார்த்திகேயனையும் நினைத்துக்கொள்ளுங்கள். டிகிரியையும் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

ஒரு கோரிக்கை

மாணவர் பேரவைக்கு என் பணிவான கோரிக்கை இது. வருகிற கல்லூரி நாளில் நடிகர் மிமிக்ரிக்கு ஒதுக்குகிற நேரத்தில் அரை மணியை 'எங்க வீட்டுக் கதை' என்று ஒதுக்குங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒரே ஒரு விதி: உனக்குத் தெரிந்த ஆளைப் பற்றி, அந்த ஆளே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசு. அவரும் சேர்ந்து சிரித்தால் நீ ஜெயித்தாய். அவர் தலை குனிந்தால் நீ தோற்றாய். வேறு மார்க் எதுவும் வேண்டாம்.

செங்கல்பட்டிலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவன் தன் ரயில் கதையைச் சொல்லட்டும். ஹாஸ்டல் பையன் சாம்பார் கதையைச் சொல்லட்டும். வொர்க்‌ஷாப்பில் பையன்களுக்கு நடுவே தனியாக நிற்கிற மாணவி, அந்த லேத் கதையைச் சொல்லட்டும். அப்போது தெரியும், யாரிடம் சரக்கு இருக்கிறது என்று!

முடிக்கும் முன் ஒன்று. அந்த மிமிக்ரி நண்பனை நான் சண்டைக்கு இழுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சங்கராக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும், "அந்த கார்க்காரரு கதைய சொல்லும்மா" என்றேன்.

அம்மா ஆரம்பித்தார்கள். காரை விட்டு இறங்காமலே கண்ணாடியை நாலு விரல் இறக்கி "வஞ்சிரம் எவ்வளவும்மா?" என்று கேட்பவர். செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாமல் மீனின் கண்ணையே முறைத்துக்கொண்டு நிற்பவர். அப்புறம் அந்தப் பணப்பெட்டி கதை: "போன்ல போட்டுட்டேன்மான்னு அவரு சொல்றாரு. நம்ம பொட்டி வாயத் தொறக்கல. அது பேசற வரிக்கும் நானும் பேசல. நானு, பொட்டி, மீனு, மூணு பேரும் அவரு மூஞ்சியவே பாத்துகினு கீறோம்!"

நண்பன் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, தண்ணீர் குடித்தான். பிறகு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படி இறங்கும்போது, "மச்சான், போன வருஷம் நான் பண்ணது... சாரிடா" என்றான். "வுடு மச்சான், நானும்தான் சிரிச்சேன்" என்றேன்.

வகுப்பில் இப்போது யாராவது கேட்டால் 'பிசினஸ்' என்று சொல்வதில்லை. 'அம்மா லூப் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கிறார்கள்' என்று சொல்கிறேன். கல்லூரி நாளில் அந்த ஐந்து நிமிஷம் கிடைத்தால் முதல் பெயர் என்னுடையது. அம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் மேடை ஏறுவேன். பரீட்சைக்கு அரியர் வைக்காமல்தான் ஏறுவேன். அதை அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் வாருங்கள். சேர்ந்தே சிரிப்போம்!



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை
பட்டினப்பாக்கம், சென்னை